நட்சத்திரத்தின் எடைக் கணக்குக்கு ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர்: ஒரு மாத அனுபவம்

இதை நான் வாங்கியது ஒரே ஒரு கணக்குக்காக. இரவும் பகலும் ஒளியைக் கொட்டிக்கொண்டே இருக்கிற நட்சத்திரம் நொடிக்கு எவ்வளவு நிறையை இழக்கிறது? கணக்கு ஒரு வரிதான், ஐன்ஸ்டீனின் E = mc² படி, ஒளிர்திறனை (நொடிக்கு வெளிவிடும் மொத்த ஆற்றலை) ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை. ஆனால் எண்கள் மலை மாதிரி, ஒரு அடுக்கு பிசகினால் எல்லாம் போச்சு.

சூரியனின் ஒளிர்திறன் 3.828 × 10²⁶ வாட். ஒளிவேகத்தை நாம் அடிக்கவே வேண்டாம், கால்குலேட்டரிலேயே இருக்கும் மாறிலிப் பட்டியலில் 299792458 (மீட்டர்/நொடி) தயாராக இருக்கிறது, எடுத்து வர்க்கப் பொத்தானை அழுத்தி வகுத்தால் திரையில் 4.259 × 10⁹ வந்து நிற்கும். நொடிக்கு அத்தனை கிலோ, அதாவது சுமார் 42.6 லட்சம் டன். முதல் தடவை பார்த்தபோது மூன்று முறை திரும்ப அடித்துப் பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, பத்தின் அடுக்கை ஒரே அழுத்தில் போடும் அடுக்குப் பொத்தான். பழைய கால்குலேட்டரில் பெருக்கல் குறி, 10, அடுக்கு என்று தனித்தனியாக அடிப்பேன். ஒரு வருட இழப்பான 1.344 × 10¹⁷ கிலோவைச் சூரியனின் நிறையான 1.988 × 10³⁰ ஆல் வகுக்கும்போது அது 1.988 ஆல் வகுத்துவிட்டு 10³⁰ ஆல் பெருக்கிவிடும், விடை 6.76 × 10⁴⁶ என்று வரும்! இதில் அடுக்கோடு சேர்த்து முழுதும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்வதால் சரியான விடை, 6.76 × 10⁻¹⁴, நேராக வருகிறது. அடைப்புக்குறி போட மறக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

அந்தச் சின்ன எண்ணை 457 கோடி வருடங்களால் பெருக்கினால் 0.03 சதவீதம். சூரியன் இளமையில் மங்கலாக இருந்ததால் உண்மையான இழப்பு இன்னும் குறைவு. சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களில், போகும் நிறை தனிக் கணக்கு, அது இதில் சேராது. அப்புறம் சரிபார்க்க ஒரு வழி: ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது, அதனால் 42.6 லட்சத்தை 0.007 ஆல் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் என்று வரும், புத்தகங்களில் சொல்லும் அளவும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. சூரியனின் நிறை மாறிலிப் பட்டியலில் இல்லை, நாமே நினைவகத்தில் போட்டு வைக்க வேண்டும். அடுக்கு எண்கள் திரையில் ரொம்பப் பொடியாகத் தெரிகின்றன, 26ஐ 28 என்று ஒருமுறை படித்துவிட்டேன். மற்றபடி தாராளமாக வாங்கலாம்.

மேலே ஒரு சின்ன சூரியத் தகடும் இருக்கிறது. பூமி முழுவதற்கும் வந்து சேரும் ஒளி சுமார் 1.74 × 10¹⁷ வாட், அதையும் இதே மாதிரி வகுத்துப் பார்த்தேன். அந்த 42.6 லட்சம் டன்னில் நமக்கு வருவது நொடிக்கு 2 கிலோகூட இல்லை. அதில் ஒரு துளியில்தான் இந்தத் திரை தெரிகிறது.