கடை வெப்சைட்டுக்கு இலவச ஸ்கிரிப்ட்: எதை ஒட்டலாம், எதை ஒதுக்கலாம்

சென்னையில் சின்னக் கடைகளின் வெப்சைட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் உருவாகிறது. தெரிந்தவர் ஒருவர் வேர்டுபிரஸிலோ பிளாகரிலோ நாலு பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் வாட்ஸ்அப் பட்டன் வேண்டும், மேப் வேண்டும், போட்டோ கேலரி வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேவை வரும். கடைக்காரரே தேடிப் பிடித்து இலவச ஸ்கிரிப்டுகளை, அதாவது பக்கத்தில் ஒட்டினால் ஒரு வசதியைத் தரும் கோட் துண்டுகளை, ஒட்ட ஆரம்பிப்பார். புரோகிராமிங் தெரியாமல் இதைச் செய்ய முடியுமா என்றால், தாராளமாக முடியும். எதை ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தி.நகர் ஜவுளிக்கடை, மயிலாப்பூர் மெஸ், வேளச்சேரி டியூஷன் சென்டர் அளவிலான சைட்டுகளுக்கான மதிப்பீடு இது. இலவசக் கோட் எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது உங்கள் ஹோஸ்டிங்கிலிருந்து (உங்கள் சைட்டின் ஃபைல்கள் இருக்கும் இடம்) ஓடுகிறதா, அடுத்தவர் சர்வரிலிருந்து ஓடுகிறதா? அடுத்தவருடையது என்றால், அவர் நாளைக்கே கடையைச் சாத்தினாலோ வேறு ஆளுக்கு விற்றாலோ உங்கள் சைட் என்ன ஆகும்?

அந்தக் கணக்கில் முதலிடம் வாட்ஸ்அப் லிங்குக்கு. உண்மையில் இது ஸ்கிரிப்டே கிடையாது, சாதாரண லிங்க். டபிள்யூஏ டாட் மீ, ஒரு சாய்கோடு, அதன்பின் 91, தொடர்ந்து பத்து இலக்க மொபைல் எண். பிளஸ் குறி வேண்டாம், இடைவெளி வேண்டாம், முன்னால் பூஜ்யமும் வேண்டாம். லேண்ட்லைன் எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்கள் 044-இன் பூஜ்யத்தை விட்டுவிட்டு 9144 என்று தொடங்கி மீதி எட்டு இலக்கங்களைப் போட வேண்டும். பட்டனை அழுத்தினால் எண் செல்லாது என்று வருகிறதா, முதலில் அந்தப் பூஜ்யத்தைத் தேடுங்கள். லிங்கின் கடைசியில் கேள்விக்குறி, டெக்ஸ்ட், சமக்குறி என்று சேர்த்தால் முன்கூட்டியே எழுதிய செய்தியும் போகும். ஆனால் அந்தச் செய்தியில் ஆம்பர்சண்ட் (&) குறியோ ஹேஷ் (#) குறியோ வந்தால் அதோடு செய்தி அறுந்துவிடும். காட்டனுக்கும் சில்க்குக்கும் நடுவே ஆம்பர்சண்ட் போட்டால் காட்டன் மட்டும்தான் போய்ச் சேரும். 'மற்றும்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இதே வேலைக்கு மிதக்கும் பச்சைப் பட்டன் என்று ஸ்கிரிப்ட் தரும் தளங்கள் நிறைய உண்டு. ஒரு லிங்க் செய்யும் வேலைக்கு வெளியாள் சர்வர் எதற்கு? தேவையில்லை.

கூகுள் மேப் எம்பெட் அடுத்தது. மேப்பில் உங்கள் கடையைத் திறந்து, ஷேர் அழுத்தி, எம்பெட் எ மேப் என்ற பகுதியில் கிடைக்கும் ஐஃப்ரேம் கோடை ஒட்டினால் போதும். ஏபிஐ கீ (கூகுள் தரும் அனுமதிச் சாவி), பில்லிங் கணக்கு எதுவும் கேட்காது. தெருப் பெயரை வைத்துத் தேடி எடுக்காதீர்கள், கடையின் பிசினஸ் புரொஃபைல் பெயரை வைத்தே தேடுங்கள். ரங்கநாதன் தெருவில் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கும் கடைக்குத் தெருவின் நடுவில் பின் விழுந்தால் வாடிக்கையாளர் ஸ்டேஷன் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார். வரும் கோடில் அகலம் 600, உயரம் 450 என்று இருக்கும். போனில் இது திரையைத் தாண்டி வெளியே நீளும். அகலத்தில் உள்ள 600-ஐ அழித்து 100% என்று போடுங்கள். சாம்பல் நிறப் பெட்டியில் இணைக்க மறுத்துவிட்டது என்று செய்தி வந்தால், எம்பெட் கோடுக்குப் பதில் சாதாரண ஷேர் லிங்கை ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இலவச மேப் கோட் ஜெனரேட்டர் என்று வரும் தளங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல, மேப்புக்குக் கீழே சம்பந்தமில்லாத சைட்டுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத லிங்க் வைத்து அனுப்புகின்றன.

விசாரணைப் படிவத்துக்கு கூகுள் ஃபார்ம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அழகு கம்மி, ஆனால் பதில் நேராக ஷீட்டில் விழும். ஃபைல் அப்லோட் கேள்வி மட்டும் வைக்காதீர்கள், வைத்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் லாகின் செய்தாக வேண்டும். பாதிப்பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். புதுப் பதில் வந்தால் மெயில் வரும் வசதி தானாக இயங்காது. ரெஸ்பான்சஸ் பகுதியின் மூன்று புள்ளி மெனுவில் போய் ஆன் செய்ய வேண்டும்.

சைட்டின் தோற்றத்துக்குப் பொருந்தும் படிவம்தான் வேண்டும் என்றால் பதிலை உங்கள் மெயிலுக்கு அனுப்பும் சேவைகளான ஃபார்ம்சப்மிட், ஃபார்ம்ஸ்பிரீ இரண்டும் நல்லவை. ஃபார்ம்ஸ்பிரீயின் இலவசத் திட்டம் மாதம் 50 பதில்களோடு நின்றுவிடும், அட்மிஷன் நேரத்தில் டியூஷன் சென்டருக்கு இது பற்றாது. ஃபார்ம்சப்மிட்டில் முதல் முறை நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பி, வரும் மெயிலில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். அந்த மெயில் ஸ்பேமில் கிடந்து, படிவமே வேலை செய்யவில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். இன்னொன்று, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கோடில் நேம் என்ற பண்பு இருந்தாக வேண்டும். அது விடுபட்ட கட்டத்தில் வாடிக்கையாளர் என்ன எழுதினாலும் உங்களுக்கு வராது, பிழைச் செய்தியும் வராது.

கேலரிதான் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது. புடவை போட்டோவைத் தொட்டால் பெரிதாகி, விரலால் தள்ளினால் அடுத்தது வர வேண்டும். இதற்கு ஜிலைட்பாக்ஸ் நம் சிபாரிசு. எம்ஐடி உரிமம் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி), அதனால் கடைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. ஃபைலின் தலையில் உள்ள உரிமக் குறிப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். ஜேக்வரி என்ற பொது ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு தேவையில்லை. டவுன்லோட் செய்த தொகுப்பில் டிஸ்ட் என்ற ஃபோல்டருக்குள் உங்களுக்கு வேண்டியவை இரண்டே ஃபைல்: தோற்றத்துக்கு ஒரு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஒரு ஜேஎஸ். இரண்டையும் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலில் உள்ள ஃபைல் மேனேஜர் வழியாக உங்கள் ஹோஸ்டிங்கிலேயே ஏற்றுங்கள். சிஎஸ்எஸ்ஸை அழைக்கும் வரி ஹெட் பகுதியில், ஜேஎஸ்ஸை அழைக்கும் வரி பாடி முடியும் டேகுக்குச் சற்று மேலே, அதற்கும் கீழே லைட்பாக்ஸைத் தொடங்கிவைக்கும் ஒற்றை வரி. இந்த வரிசை மாறினால் ஜிலைட்பாக்ஸ் வரையறுக்கப்படவில்லை என்று பிரவுசர் சொல்லும். ஒவ்வொரு போட்டோவையும் சுற்றியுள்ள லிங்குக்கு ஜிலைட்பாக்ஸ் என்ற கிளாஸ் பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது.

இங்கே இரண்டு இடத்தில் இடறும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் தெரியும், ஹோஸ்டிங்கில் ஏற்றினால் பாதி தெரியாது. காரணம், சர்வர் லினக்ஸ். ஃபைல் பெயரில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்து, கோடில் சின்ன எழுத்தில் இருந்தால் லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஃபைல். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அடுத்தது எடை. போனில் எடுத்த படம் 4 எம்பி வரும். அப்படி முப்பது படம் போட்டால், தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில் உட்கார்ந்து பார்க்கிறவர் படம் வருவதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, பட்டியலில் காட்டும் சிறு படத்துக்குத் தனியாக 400 பிக்சலில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். லைட்பாக்ஸ் 2 என்ற பழைய ஸ்கிரிப்டும் நம்பகமானதுதான், ஆனால் அதற்கு ஜேக்வரி வேண்டும். தீமில் ஏற்கெனவே ஜேக்வரி இருக்க, இன்னொரு பதிப்பையும் சேர்த்தால் இரண்டும் மோதி, மெனு திறக்காமல் போவது உண்டு.

கோடை எங்கே ஒட்டுவது என்பது தளத்துக்குத் தளம் மாறும். சொந்த ஹோஸ்டிங்கில் உள்ள வேர்டுபிரஸ் என்றால் தீம் ஃபைலைத் தொடவே வேண்டாம், தீம் அப்டேட் ஆகும்போது ஒட்டியதெல்லாம் போய்விடும். டபிள்யூபிகோட் என்ற இலவச ப்ளக்இன்னில் ஹெட்டர், ஃபூட்டர் என்று தனித்தனிப் பெட்டி இருக்கிறது, அதில் ஒட்டுங்கள். வேர்டுபிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் ஸ்கிரிப்ட் டேகைச் சேமித்த உடனே அது நீக்கிவிடும். அங்கே மல்லுக்கட்டிப் பயனில்லை. பிளாகரில் லேஅவுட் போய், கேட்ஜெட் சேர்த்து, எச்டிஎம்எல் ஜாவாஸ்கிரிப்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிக்கலில்லை. தீமுக்குள்ளேயே ஒட்டினால் அது எக்ஸ்எம்எல், அதனால் கோடில் உள்ள ஆம்பர்சண்ட் குறியைப் பார்த்துச் சேமிக்க மறுக்கும். அந்தக் குறிக்குப் பின்னால் ஏஎம்பி என்ற மூன்று எழுத்தும் ஒரு செமிகோலனும் சேர்க்க வேண்டும்.

ஒட்டியும் ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பாருங்கள். எதிர்பாராத டோக்கன் என்று சிவப்பில் வந்தால், பெரும்பாலும் மேற்கோள் குறி கெட்டிருக்கும். கோடை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வாங்கி ஒட்டினால் வரும் வினை இது. வேர்டு நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கிவிடும், வாட்ஸ்அப் நட்சத்திரக் குறியையும் அடிக்கோட்டையும் எழுத்தைத் தடிமனாக்கவும் சாய்க்கவும் எடுத்துக்கொண்டுவிடும். கோடை அனுப்புவதானால் நோட்பேட் ஃபைலாகவே அனுப்பச் சொல்லுங்கள். டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்று வந்தால் ஜேக்வரி ஏறவில்லை, அல்லது உங்கள் வரிக்குப் பிறகு ஏறுகிறது. வேர்டுபிரஸில் டாலர் குறியே இயல்பாக இயங்காது, அதன் இடத்தில் ஜேக்வரி என்று முழுப் பெயர் போட வேண்டும். 404 என்றால் ஃபைலின் பாதை தவறு. மிக்ஸ்டு கன்டென்ட் என்றால் பூட்டுக் குறி உள்ள சைட்டில் எச்டிடிபி என்று தொடங்கும் பழைய முகவரியிலிருந்து ஸ்கிரிப்டை அழைத்திருக்கிறீர்கள், எஸ் ஒன்று சேர்த்துப் பாருங்கள். கிளையன்ட் தடுத்தது என்று வந்தால் குற்றம் உங்கள் பிரவுசரின் விளம்பரத் தடுப்பானுடையது. எல்லாம் சரியாக இருந்தும் மாற்றம் தெரியவில்லையா, கேஷ் ப்ளக்இன்னில் கேஷை (சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கத்தை) அழித்துவிட்டுப் பாருங்கள்.

லைவ் சாட்டில் டாக் டாட் டூ இலவசமாகத் தருவது உண்மையிலேயே தாராளம். தமிழில் டைப் செய்யலாம், போன் ஆப்பிலிருந்து பதில் சொல்லலாம். அடியில் உள்ள அவர்கள் பெயரை எடுக்கத்தான் காசு. ஆனால் பதில் சொல்ல ஆள் இருக்கும் கடைக்குத்தான் இது. ஆள் இல்லாத நேரத்தில் செய்தி விட்டுப்போகும் படிவமாக மாறிவிடும், அந்த வேலையை வாட்ஸ்அப்பே செய்யும். இரண்டையும் போட்டால் வலது கீழ் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, போனில் 'கார்ட்டில் சேர்' பட்டனையே மறைத்துவிடும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் போடுங்கள். ஜி என்று தொடங்கும் ஐடிதான் இன்று செல்லும். யூஏ என்று தொடங்கும் பழைய கோட் 2023 ஜூலை 1 முதல் கணக்கு எடுப்பதில்லை, அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் சைட்டுகள் உண்டு. ப்ளக்இன்னிலும் தீமிலுமாக இரண்டு இடத்தில் ஒட்டினால் ஒருவரை இருவராக எண்ணும்.

வலது கிளிக் தடுக்கும் ஸ்கிரிப்ட், தீபாவளிக்குப் பொறி பறக்கும் ஸ்கிரிப்ட், பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் கவுன்டர், இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். வலது கிளிக்கைத் தடுத்தால் படம் திருட்டு நிற்காது, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் காப்பி செய்ய முடியாமல் நல்ல வாடிக்கையாளர்தான் சிரமப்படுவார்.

வெளிச் சர்வர் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் போலிஃபில் டாட் ஐஓ விவகாரம். பழைய பிரவுசர்களிலும் புது வசதிகள் ஓடுவதற்காக ஏராளமான சைட்டுகள் அங்கிருந்து ஒரு ஸ்கிரிப்டை அழைத்துவந்தன. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. ஜூன் மாதம், அதே முகவரியிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் மொபைலில் பார்ப்பவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவது வெளியானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. அந்த சைட்டுகளின் உரிமையாளர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. உங்கள் சைட்டின் பேஜ் சோர்ஸில் போலிஃபில் டாட் ஐஓ என்று தேடிப் பாருங்கள், இருந்தால் இன்றே அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஹோஸ்டிங்கில் ஏற்ற முடியாமல் ஜேஎஸ்டெலிவர், சிடிஎன்ஜேஎஸ் போன்ற பொதுச் சர்வரிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்றால், லேட்டஸ்ட் என்று போடாமல் பதிப்பு எண்ணை முழுதாகக் குறிப்பிடுங்கள். அங்கேயே எஸ்ஆர்ஐ (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் பூட்டு) சேர்த்துக் காப்பி செய்யும் வசதி இருக்கிறது. அது சேர்க்கும் நீண்ட எழுத்துக் கோர்வை இருந்தால், ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்டாது. சாட், அனலிட்டிக்ஸ் போன்ற சேவைகளின் கோடுக்கு இந்தப் பூட்டுப் போட முடியாது, அவர்கள் ஃபைலை அடிக்கடி மாற்றுவார்கள். அதனால் அவற்றை எண்ணி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் எங்கே ஒட்டினோம், எந்த மெயில் ஐடியில் கணக்கு என்று ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு சைட் போட்டுக் கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவர் போனை எடுக்கிற காலத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்.