சிங்கர் 15-க்குப் பாகம் தேடும்போது: புதிய லூதியானாவா, பழைய அசலா?

பழைய சிங்கர் தையல் இயந்திரத்துக்கு இனி பாகமே கிடைக்காது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. உங்களிடம் இருப்பது சிங்கரின் 15 என்ற மாடல் வகை என்றால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் ஆலைகள் இந்த வடிவத்தைத்தான் பொது அளவாக எடுத்துக்கொண்டன. நம் வீடுகளில் ஓடும் கறுப்பு நிற இந்திய இயந்திரங்களில் பெரும்பாலானவையும் இதே வார்ப்புதான். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 1980-இல் மூடிவிட்டது. அங்கே பிறந்த 15 வகையான 15கே-வுக்குப் பஞ்சாபின் லூதியானாவில் இன்றும் பாகம் செய்கிறார்கள்.

ஆகவே கேள்வி புதியதா, பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய அசலா என்பதுதான். பாகத்துக்குப் பாகம் பதில் மாறுகிறது.

ஊசியில் விவாதமே இல்லை. 15×1, எச்ஏ×1 இரண்டும் ஒரே ஊசி வகையின் பெயர்கள், புதியதை வாங்குங்கள். தோல் பெல்ட், பாபின் எனும் அடிநூல் உருளையில் நூல் சுற்றும் கருவியின் ரப்பர் வளையம் இரண்டும் அப்படியே. பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பாபினில் கவனம் வேண்டும். 15 வகைப் பாபினின் பக்கங்கள் தட்டையானவை. சிங்கரின் இன்னொரு மாடலான 66 வகையின் பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும். விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவது சகஜம். மாறிப் போட்டால் அடிநூல் சீராக வராது.

பாபினை உள்ளே வைக்கும் உலோகக் கூடான பாபின் கேஸில்தான் இரண்டு தரப்பும் மோதுகின்றன. புதியது மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வேலைப்பாடு ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் நூல் நுழையும் பிளவின் ஓரம் மழுங்காமல் கூராகவே நிற்கும். நூல் அதில் உரசி நார் நாராகப் பிரியும். கடையிலேயே சோதித்துவிடலாம். பாபினைப் போட்டு, நூலைப் பிளவு வழியாக, அதை அழுத்தும் தகட்டு வில்லுக்கு அடியில் இழுத்து, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரிந்து இறங்கக் கூடாது. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் சற்றே இறங்கி நிற்க வேண்டும். இதில் தேறும் புதிய கேஸ் போதும், பழையதைத் தேடி அலைய வேண்டாம்.

பாபின் கேஸைச் சுமந்து ஆடும் ஷட்டிலுக்கு என் ஓட்டு பழைய அசலுக்கே. ஊசிக்குப் பக்கத்தில் வந்து நூல் வளையத்தைக் கொத்திக்கொண்டு போகும் பாகம் அது. அதன் மூக்கு மயிரிழை தள்ளி நின்றாலும் தையல் விட்டுவிட்டு விழும். பழைய எஃகு பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. மூக்கை நகத்தால் தடவிப் பாருங்கள்; பிசிறு தட்டினால் மிக நைசான எமரி தாளால் நீக்கிவிடலாம். மூக்கு உடைந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள். துணியை நகர்த்தும் பல்லுக்கும் அசலையே விரும்புவேன், பற்கள் மழுங்காமல் இருக்கும்வரை.

திருகு தொலைந்தால் ஹார்டுவேர் கடைக்குப் போகாதீர்கள். சிங்கர் தன் திருகுகளுக்குத் தனி மரையளவு வைத்திருந்தது. மில்லிமீட்டர் திருகை வலிந்து முறுக்கினால் வார்ப்பிலுள்ள மரை போய்விடும். அது பெரிய செலவு. இங்கேயும் பழைய இயந்திரமே கதி.

இவ்வளவும் 15-க்கு. உங்கள் இயந்திரத்தில் வட்டப் பாபினுக்குப் பதிலாக நீண்ட மெல்லிய பாபினும், துப்பாக்கிக் குண்டு வடிவ ஷட்டிலும் இருந்தால் அது 27, 28 போன்ற வகை. லூதியானாவின் 15 வகைப் பாபினும் ஷட்டிலும் அதில் நுழையவே நுழையாது. ஊசி மட்டும் அதே 15×1. அவ்வகையில் ஓடாத இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தால், முதலில் ஷட்டிலை மூடியிருக்கும் நகர்தட்டைத் திறந்து ஷட்டிலும் உள்ளே பாபினும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால், இயந்திரத்தின் தலைப்பகுதி துருப்பிடித்திருந்தாலும் பாகத்துக்காக முழுசாக வாங்கிவிடுங்கள்.