லிவிங் வில், வாய்ச்சொல், பவர் பத்திரம்: ஐசியூ வாசலில் எது நிற்கும்?

"எனக்குக் குழாயெல்லாம் மாட்டிப் படுக்க வைக்காதீங்க, வீட்டுலயே போயிடணும்" என்று பல பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பார்கள். "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று பிள்ளைகளும் பேச்சை மாற்றியிருப்பார்கள். புற்றுநோய் முற்றியோ பெரிய பக்கவாதம் வந்தோ அவரால் பேச முடியாமல் போகும் நாளில், வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் வந்து கேட்பார். யோசிக்கப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்துக்கென்று நம் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஏற்பாடுகளில் எது உண்மையிலேயே உதவும், எது கைவிட்டுவிடும் என்று பார்ப்போம்.

முதலில் பவர் பத்திரத்தையும் சொத்து உயிலையும் ஒதுக்கிவிடலாம். அப்பா மகன் பேரில் பொது அதிகாரப் பத்திரம் எழுதியிருக்கிறார், அது போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால், நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது செல்லாமல் போகும். உயிலிலேயே ஒரு பத்தி எழுதி வைப்பதும் பயன்படாது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் பிரித்துப் படிப்பார்கள்.

வாய்ச்சொல்லை அப்படி ஒதுக்க முடியாது. பேசாத வீட்டில் வேறு எந்தக் காகிதமும் வேலை செய்வதில்லை. ஆனால் அம்மா ஒன்றைக் கேட்டிருப்பார், மூத்தவர் வேறொன்றைக் கேட்டிருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் மகன், "என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்க" என்பார். அவர் அன்பால்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. நோயாளி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும், மருத்துவக் குழு அமைத்து, குடும்பத்தின் சம்மதத்தோடு உயிர்காப்புக் கருவிகளை நிறுத்த உச்ச நீதிமன்றம் வழி வைத்திருக்கிறது. ஆனால் உறவுகளுக்குள் பேச்சு ஒத்துப்போகவில்லை என்றால் எந்த மருத்துவமனையும் தயங்கும். சம்மதிக்கும் பிள்ளையோ, "நான்தான் அப்பாவை விட்டுட்டேனோ" என்ற பாரத்தை வாழ்நாள் முழுக்கச் சுமப்பார்.

இந்த இழுபறியில்தான் பல குடும்பங்கள் கடைசியில் 'எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போவது' என்ற இடத்துக்கு வந்து சேர்கின்றன. பணம் தீர்ந்திருக்கும், நகை அடகுக்குப் போயிருக்கும். "டாக்டர் ஆலோசனைக்கு மாறாக எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்சில் கையால் காற்றை அழுத்திக்கொண்டே ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். பால் ஊற்ற எல்லோரும் வந்துவிடுகிறார்கள். ஆனால் மூச்சுத்திணறலுக்கு மருந்து இல்லை, வலிக்கு மார்ஃபின் இல்லை, கூப்பிட்டால் வர ஒரு நர்சும் இல்லை. வீட்டில் போக வேண்டும் என்ற ஆசை நிறைவேறுகிறது, வேதனையோடு. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தரும் வழி. அதே வீட்டுக்கு, அதே ஆளை, முன்கூட்டியே திட்டமிட்டு மருந்தோடும் உதவியோடும் கூட்டி வந்திருக்கலாமே.

டி.என்.ஏ.ஆர். என்று ஒன்று உண்டு. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டாம் என்று சிகிச்சை தரும் டாக்டர் நோயாளியோடோ குடும்பத்தோடோ கலந்து பேசிப் பதிவு செய்வது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் இதற்கு 2020இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல கருவிதான். ஆனால் அந்த ஒரு செயலுக்கு மட்டுமே பொருந்தும். டயாலிசிஸ், வென்டிலேட்டர் பற்றியெல்லாம் அது எதுவும் சொல்லாது.

பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள்தான் லிவிங் வில். அதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அங்கீகாரம் கொடுத்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தும் வேண்டும் என்று இருந்ததால் அந்தப் பக்கம் போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து. அவ்வளவுதான். தன் சார்பில் பேசும் உறவினர் ஒருவரையோ, ஒன்றுக்கு மேற்பட்டவர்களையோ அதிலேயே குறிப்பிடலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

எழுதியவருக்கு நினைவு இருக்கும்வரை அந்தத் தாளுக்கு வேலையே இல்லை, அவர் சொல்வதுதான் முடிவு. குணமாக வழியில்லாத நோயில் அவர் பேசும் திறனை இழந்த பிறகுதான் அதை எடுப்பார்கள். அப்போதும் மருத்துவமனை உடனே எதையும் கழற்றிவிடாது. சிகிச்சை தரும் டாக்டரோடு, ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணராவது சேர்ந்த முதல் குழு பார்க்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் பார்க்கும். ஒவ்வொன்றும் கூடியமட்டும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். "பிள்ளைகள் சொத்துக்காகப் பயன்படுத்திவிடுவார்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டு குழுக்கள்தான் பதில். நடைமுறையில் எல்லா மருத்துவமனைக்கும் இது இன்னும் பழகவில்லை என்பது குறைதான். சேர்க்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

"கருவி வேண்டாம்" என்று எழுதினால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்பது தவறான பயம். வலி மருந்து, புண்ணுக்குக் கட்டு, மூச்சுக்கு நிவாரணம் எல்லாம் தொடர வேண்டும். அதனால் தாளை எழுதும்போதே நோய் ஆதரவு சிகிச்சைக்கும், அதாவது நோயைக் குணமாக்க முயலாமல் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சைக்கும், வழி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சேவை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் வழியாகத்தான் வாங்க வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த அனுமதி எளிதாகியிருக்கிறது. எங்கே கிடைக்கும் என்பதை நெருக்கடிக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு, சென்னையில் இருக்கும் ஜீவோதயா போன்ற ஹாஸ்பிஸ்கள், அதாவது கடைசிக் காலத்தில் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள், உண்டு.

ஆக, என் தேர்வு லிவிங் வில்தான், ஆனால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிய பிறகு எழுதியது. நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், தெரிந்தவர் ஒருவர் ஐசியூவில் இருந்த கதையை எடுத்து, "உங்களுக்கு அப்படின்னா என்ன செய்யணும்பா?" என்று தொடங்கலாம். சார்பில் பேசுபவரின் பேரைக் குறிப்பிடும்போது மூத்த மகன் என்ற வழக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். அருகில் இருக்கிறவர், அழுதாலும் நிலைகுலையாதவர், தன் விருப்பத்தை ஓரம் வைத்து அப்பாவின் விருப்பத்தைச் சொல்லக்கூடியவர் யாரோ அவர் பேரைப் போடுங்கள். பல வீடுகளில் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். நகலை அவரிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். ஊராட்சி அல்லது மாநகராட்சியில் இதற்கென உள்ள அதிகாரியிடமும் ஒன்று போக வேண்டும். மூலத்தைப் பீரோ லாக்கரில் பூட்டி வைக்காமல், ஆஸ்பத்திரி ஃபைலிலேயே வையுங்கள்.