வங்கதேசக் கொடியா, நேபாளக் கொடியா: பள்ளிக்கு எதை வரையலாம்?

அளவு: வங்கதேசம் 10:6, 20 செ.மீ. நீளத்துக்கு 12 செ.மீ. உயரம். நேபாளக் கொடி செவ்வகமே இல்லை, அகலத்தைவிட உயரம் அதிகம்.

வரைதல்: வங்கதேசத்துக்கு ஒரே வட்டம், ஆரம் 4 செ.மீ. மையத்தை 10 செ.மீ.யில் வைப்பதுதான் வழக்கமான பிழை. கம்பப் பக்கத்திலிருந்து 9 செ.மீ.யில் வையுங்கள், பறக்கும்போது வட்டம் நடுவில் தெரிய வேண்டும் என்பதற்கே இந்த விலகல்.

நேபாளத்துக்கு அரசியலமைப்பே வரைமுறை தருகிறது. அடிக்கோடு 15 செ.மீ., இடப்பக்கம் 20 செ.மீ. இடப்பக்கத்தில் கீழிருந்து 15 செ.மீ. உயரத்திலுள்ள புள்ளியை அடிக்கோட்டின் வலமுனையோடு இணையுங்கள். அச்சாய்கோட்டில் வலமுனையிலிருந்து 15 செ.மீ. அளந்து, அந்த இடத்தின் வழியே இடப்பக்கத்திலிருந்து 15 செ.மீ. கிடைக்கோடு இழுங்கள். அதன் வலமுனையை உச்சியோடு சேர்த்தால் மேல் முக்கோணம் தயார். நீலக்கரை இந்தக் கோடுகளுக்கு வெளியே வரும். உள்ளே தீட்டினால் சிவப்பு சுருங்கிவிடும். சூரியனுக்கு 12 கதிர், நிலவுக்கு 8.

பொருள்: வங்கதேசச் சிவப்பு உதயசூரியனையும் 1971 போரில் சிந்திய குருதியையும் குறிக்கும், பச்சை அந்த மண்ணின் செழுமையை. நேபாளத்தில் நீலம் அமைதி. நிலவும் சூரியனும் உள்ளவரை நாடு நிலைக்கட்டும் என்ற வேண்டுதல்.

சின்ன வகுப்புக்கு வங்கதேசம் போதும். வடிவியல் படிக்கும் பிள்ளைக்கு நேபாளத்தையே கொடுங்கள், அத்தனை அழகான பயிற்சி அது.