1999 இறுதிப்போட்டி: மாத்தேயுஸ் வெளியேறியதா, கம்பத்தில் பட்ட பந்துகளா?

1999 மே 26 அன்று பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப்போட்டியில், 6ஆவது நிமிடத்தில் மரியோ பாஸ்லர் அடித்த ஃப்ரீ கிக் கோலால் 90 நிமிடங்கள் வரை முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக், ஆட்டத் தடைகளுக்காக 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றதற்கு அதன் ரசிகர்கள் இரு காரணங்களை முன்வைக்கிறார்கள்.

முதல் தரப்பு, பேயர்னின் 38 வயது லோத்தர் மாத்தேயுஸை 80ஆவது நிமிடத்தில் மாற்றியதைச் சுட்டுகிறது. தற்காப்பை வழிநடத்தியவர் அவர்தான் என்பதாலும், அவருக்குப் பதிலாக வந்த ஃபிங்க் சரியாக விலக்காத பந்தே யுனைடெட் வீரர் கிக்ஸின் காலுக்குச் சென்று ஷெரிங்ஹாமின் சமன் கோலாக முடிந்தது என்பதாலும், இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சோல்ஷேரின் வெற்றிக் கோலுக்கு ஃபிங்க் காரணமல்ல.

இரண்டாம் தரப்பு, 79ஆவது நிமிடத்தில் பேயர்னின் மெஹ்மத் ஷோல் தூக்கிவிட்ட பந்து பக்கக் கம்பத்திலும், 84ஆவது நிமிடத்தில் யான்கர் தலைக்கு மேலாக உதைத்த பந்து குறுக்குக் கம்பத்திலும் பட்டதையே காரணம் என்கிறது. இதுவே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஏனெனில் யான்கரின் வாய்ப்பு மாத்தேயுஸ் வெளியேறிய பிறகு வந்தது, அதாவது அந்த மாற்றம் அணியை உடனே குலைத்துவிடவில்லை. 2-0 ஆகியிருந்தால், யுனைடெட்டின் இரு கோல்களுக்கும் வழிவகுத்த பெக்காமின் இரு கார்னர்களும் சேர்ந்தாலும் ஆட்டத்தைச் சமன் செய்யவே போதுமாயிருந்திருக்கும். களைத்துப்போன ஒரு வீரரின் வெளியேற்றத்தின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று.