லண்டனில் ஓராண்டா, சிங்கப்பூரில் மூன்றாண்டா? மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் புறப்படுகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் நாடகம் படித்துவிட்டு மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மேற்கத்தைய மேடை நாடகம்) பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு வழிகளைப் பற்றித்தான். ஒன்று, பிரித்தானியாவில் ஓராண்டு தீவிர முதுகலைப் பயிற்சி. லண்டனில் ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக், மவுண்ட்வியூ, கிளாஸ்கோவில் ரோயல் கொன்சர்வற்றோயர் எல்லாம் இதைத் தருகின்றன. மற்றது, சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியின் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியையும் சிலர் சொல்வார்கள். அங்கே பயிற்சி இந்தியில், துறையும் வேறு. அதை விட்டுவிடுகிறேன்.

நான் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் முடித்தேன். இப்போது லண்டனில் ஓராண்டுப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். அதனால் என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரியும்.

லண்டனில் செலவு கூட என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவை 2025 நவம்பரில் மாதம் 1,529 பவுண் என்று வைத்தார்கள். அதை 9 மாதத்துக்குக் கணக்குப் பார்த்து, 28 நாள் தொடர்ந்து வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். கிளாஸ்கோ என்றால் இது குறையும். பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், ஆனால் மாணவர் விசாவில் மேடைக் கலைஞராக உழைக்க முடியாது, சுயதொழிலும் கூடாது. லண்டனில் நம்மவர் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் பாடிச் சமாளிக்கலாம் என்று நினைத்து யாரும் விமானம் ஏற வேண்டாம். தேநீர்க் கடையில் நிற்கலாம், மேடையில் நின்று காசு வாங்கக் கூடாது. கலைஞராக உழைக்கலாம் என்ற அனுமதி படிப்பு முடிந்து எடுக்கும் பட்டதாரி விசாவில்தான் வரும். அதுவும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 2 வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

சிங்கப்பூரில் அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் எடுத்தால் வெளிநாட்டு மாணவர் முடித்தபின் 3 வருஷம் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாகப் பிணை எழுத வேண்டும். படிப்போடு சேர்த்தால் ஆறு வருஷம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த கையோடு போகிற பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருக்கிறவர் முதலாம் ஆண்டு மாணவராக மறுபடி போய் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் முடிவு தங்கியிருப்பது பணத்திலும் இல்லை, வருஷக் கணக்கிலும் இல்லை. மேற்கத்தைய இசைத்தாளைப் பார்த்ததும் உங்களால் பாட முடியுமா? பக்கத்தில் நிற்பவர் வேறு சுரம் பாடும்போது உங்கள் சுரத்தை விடாமல் நிற்க முடியுமா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூத்தில் வளர்ந்தவருக்கு மற்றதெல்லாம் பாதிக்கு மேல் கைவசம் இருக்கிறது. வடமோடிக் கூத்தில் வரவு (மேடைக்கு வரும்போது ஆடும் ஆட்டம்) ஆடி முடித்த மூச்சோடு தருவை (கூத்துப் பாட்டை) எடுக்கப் பழகியவருக்கு, ஆடிக்கொண்டே பாடுவது புதிதில்லை. வட்டக்களரியில் (கூத்தாடும் வட்ட மேடையில்) விடிய விடிய நின்ற உடம்புக்குக் காலை முதல் மாலை வரை ஒத்திகை பெரிய பாரமுமில்லை. பாலே கஷ்டம்தான். டப் நடனம் (காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடுவது) மட்டும் நான் பயந்த அளவு கஷ்டமில்லை. சதங்கை கட்டி மத்தளத்துக்கு மிதித்த கால் அந்தக் கணக்கைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

பாட்டில்தான் எல்லாம் மாறுகிறது. கூத்தில் நாம் ஓரடி பாட, பிற்பாட்டுக்காரர் அதே அடியை அதே மெட்டில் எடுப்பார். கர்நாடக சங்கீதத்திலும் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றுதான். இங்கே குழுப்பாட்டு நான்கு குரலாகப் பிரிந்து போகும். திங்கட்கிழமை தாள் தருவார்கள். பியானோ வாசிப்பவர் என் வரியை ஒருமுறை தட்டிக் காட்டுவார். அடுத்த முறை நான்கு குரலும் ஒன்றாகப் பாட வேண்டும். காது தானாக மெட்டின் பக்கம் இழுபடும். வரிக்குக் கீழே பென்சிலால் ச ரி க ம எழுதி வைத்தும் பார்த்தேன். பாட்டின் நடுவில் சுருதி அரைச் சுரம் ஏறியவுடன் எழுதியதெல்லாம் இடம் மாறிப்போகும், ச எங்கே என்று தேட வேண்டும். தாளை வாசிக்கத் தெரிந்தவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

ஓராண்டுப் பயிற்சியில் இதை அடியிலிருந்து சொல்லித்தர நேரம் கிடையாது. தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். மூன்றாண்டுப் படிப்பில் இதைப் பிடித்துக்கொள்ள அவகாசம் இருக்கும் என்று நம்புகிறேன். சிங்கப்பூரில் நான் படித்ததில்லை, அங்கே படித்தவர்களோடு கதைத்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

இதை மட்டக்களப்பில் இருந்தபடியே கற்றுக்கொள்ள வழி இருப்பதால்தான் நான் ஓராண்டின் பக்கம் நிற்கிறேன். மெதடிஸ்த மிஷனரிகள் 1814இல் வந்த ஊர் இது, கத்தோலிக்கம் அதற்கும் முந்தியது. நான்கு குரலில் பாடும் பாடகர் குழு இருக்கிற தேவாலயத்தைத் தேடிப் போங்கள். நான் சைவ வீட்டுப் பிள்ளை. கேட்டபோது முகம் சுளிக்காமல் ஓல்ட்டோ (நான்கு குரலில் மேலிருந்து இரண்டாவது) வரிசையில் இடம் தந்தார்கள். "பக்கத்து வரிசையக் கேளு மனே, ஆனா அவங்களோட போயிராத" என்று பாடகர் குழுத் தலைவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்வார். லண்டனில் என்னைக் காப்பாற்றுவது அந்தப் பயிற்சிதான். அதோடு பிரித்தானிய இசைத் தேர்வுச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.இன் இசைக் கோட்பாட்டுத் தேர்வுகளை இப்போது இணையவழியில் எழுதலாம். ஐந்தாம் தரம் வரை முடித்துவிட்டுப் போங்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர்களும் இதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஒரு வருஷம் ஒதுக்கியும் இது வராவிட்டால் சிங்கப்பூரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

நம் நிறத்துக்கும் உச்சரிப்புக்கும் லண்டன் மேடையில் எவ்வளவு வாய்ப்பு வரும் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

சேர்க்கைக்காகப் பாடி நடித்துக் காட்டும் தேர்வுக்கு, ஒன்றிலிருந்து ஒன்று மாறுபட்ட இரண்டு பாடல்களும் ஒரு தனி வசனமும் தயாராக இருக்கட்டும். நேரில் பாடுவதென்றால், எங்கே தொடங்கி எங்கே வெட்டுகிறீர்கள் என்று தாளில் தெளிவாகக் குறித்துப் பியானோக்காரரிடம் கொடுங்கள். விரலைச் சொடுக்கி வேகம் காட்டாதீர்கள், இரண்டு வரி மெதுவாகப் பாடிக் காட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். காணொளியாக அனுப்புவதென்றால் ஊரில் உள்ள பழைய பியானோக்களை நம்ப வேண்டாம். கடற்காற்றில் சுருதி கலைந்திருக்கும். மின் கீபோர்டோடு பாடிப் பதிவு செய்யுங்கள்.