அரிசி மில்லுக்கு வாங்கின ஸ்பிரிங் ரிட்டர்ன் ஆக்சுவேட்டர்: சாமான் தேவலை, கூட வந்த சீட்டுதான் வேஸ்ட்

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நெல் அவிக்கிற தொட்டிக்குப் போகும் ஸ்டீம் லைனில் கை வால்வு இருந்த இடத்தில் பால் வால்வும் அதைத் தானே திருப்ப அதன் தலையில் காற்றழுத்தத்தில் ஓடும் ஆக்சுவேட்டரும் போடலாம் என்று முதலாளி சொன்னதும், மதுரையில் ஒரு டீலரிடம் உள்நாட்டுத் தயாரிப்பு ஒன்றை எடுத்தோம். பெயர் போடவில்லை. ரேக் அண்டு பினியன் வகையில் (பிஸ்டனில் உள்ள பல்வரிசை நடுவில் இருக்கும் பினியன் என்ற பல்சக்கரத்தைத் திருப்பும்) எந்தக் கம்பெனி சாமானும் உள்ளே ஏறக்குறைய இதே அமைப்புதான், அதனால் படிக்கிறவர்களுக்கு நஷ்டமில்லை.

டபுள் ஆக்டிங் (ஸ்பிரிங் இல்லாமல், திறக்கவும் மூடவும் காற்றையே நம்புவது) விலை குறைவு, சைஸும் சின்னது, அதையே எடுங்கள் என்று கடையில் ரொம்ப வற்புறுத்தினார்கள். ஆனால் கரண்ட் போனால் கம்ப்ரஸரும் நிற்கும், கொஞ்ச நேரத்தில் லைனில் காற்றும் இறங்கும், டபுள் ஆக்டிங் அப்போது எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுகொள்ளும். பாய்லரில் ஸ்டீம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். நெல் வெந்து வெடித்தால் அந்தத் தொட்டி அரிசியை யார் வாங்குவது? காற்று போனால் ஸ்பிரிங் தானே மூடிவிட வேண்டும், ஸ்டீமுக்கு அதுதான் சரி, இதில் பேரமே கிடையாது.

உடம்பைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. ஆனோடைஸ் செய்த அலுமினியம், உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பு, பினியன் பல்லில் பிசிறு இல்லை. காற்றைத் திறந்து மூடும் கரண்ட் வால்வான சோலனாய்டு உட்காரும் இடம் நமூர் என்கிற பொது அளவில் இருக்கிறது, கீழே வால்வோடு சேரும் இடத்தில் ஐஎஸ்ஓ 5211 என்ற பொது அளவு ஃப்ளாஞ்ச், ஆகவே வால்வு வேறு கம்பெனியாக இருந்தாலும் பொருந்தியது.

அசெம்பிளி பற்றிய சீட்டுதான் எரிச்சல். வெடித்துச் சிதறின மாதிரி ஒரு படம், கீழே பார்ட் நம்பர், அவ்வளவுதான். சீல் மாற்றப் பிரிக்கிறவனுக்குத் தேவையான எதுவும் அதில் இல்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். காற்றையும் கரண்டையும் நிறுத்தி டியூபைக் கழற்றின பிறகுதான் ஸ்பேனரையே எடுக்க வேண்டும். மூடி போல்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, மூடிக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. அப்புறம் பக்கவாட்டில் இருக்கும், சுற்று எங்கே நிற்க வேண்டும் என்று தடுக்கிற ஸ்டாப்பர் போல்டுகளைப் பின்வாங்கினால்தான் பினியனைத் திருப்பி இரண்டு பிஸ்டனையும் வெளியே தள்ள முடியும். திரும்ப மாட்டும்போது இரண்டும் ஒரே சமயத்தில் பினியனின் பல்லைப் பிடிக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பிடித்தாலும் தொண்ணூறு டிகிரி வராது. மாட்டி முடித்ததும் இரு முனையிலிருந்தும் பிஸ்டன் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி உருவ வேண்டியதுதான். கடைசி சில டிகிரி வித்தியாசத்தை ஸ்டாப்பரில் சரிசெய்யலாம், பல் தப்பினதை ஸ்டாப்பரில் சரிசெய்ய முடியாது.

ஓட ஆரம்பித்த பிறகு ஒரு கோளாறு வந்தது. காலையில் முழுசாகத் திறக்கிற வால்வு, மதியம் முக்கால்வாசியில் நின்றுவிடும். டீலர் கடைக்கு போன் போட்டால், பேசின பையன் கேட்டு முடிக்கும் முன்பே, "சோலனாய்டை மாத்திப் பாருங்கண்ணே" என்கிறான். சோலனாய்டில் இருக்கும் கை பட்டனை அமுக்கினாலும் அதே முக்கால்தான், அப்புறம் சோலனாய்டு மேல் எப்படிப் பழி போடுவது? எங்கள் ஃபிட்டர் ஸ்பிரிங் அறை மூச்சு விடும் ஓட்டையில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், குமிழி வரவில்லை, ஆக பிஸ்டன் ஓ-ரிங்கும் காற்றைக் கசியவிடவில்லை. கடைசியில் ஆக்சுவேட்டர் பக்கத்திலேயே ஒரு கேஜ் மாட்டினோம். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் ஓடாதபோது காற்றழுத்தம் 6 பார், அது ஓட ஆரம்பித்ததும் 4க்கு விழுகிறது. கல்லையும் கறுப்பு அரிசியையும் ஊதித் தள்ள அந்த மெஷின் குடிக்கிற காற்று கொஞ்சநஞ்சமல்ல.

எங்களுக்கு வந்தது 6 பாருக்கான முழு ஸ்பிரிங் செட். திறந்து முடிக்கிற கடைசிக் கட்டத்தில்தான் ஸ்பிரிங் முழுசாக நசுங்கி அதிகமாக எதிர்க்கும், 4 பார் காற்றால் அதைத் தாண்ட முடியாது. இரண்டு பக்கமும் சமமாகச் சில ஸ்பிரிங்கை உருவிவிட்டால் திறந்துவிடும்தான். ஆனால் மூடும்போது கடைசியில், வால்வு இறுக மூடுகிற நேரத்தில், ஸ்பிரிங் நீண்டு பலம் குறைந்துதான் இருக்கும், அங்கே இன்னும் குறைத்தால் ஸ்டீம் கசியும். அதனால் ஸ்பிரிங்கைத் தொடவில்லை. ஒரு சின்ன ஏர் டேங்க்கை நான்-ரிட்டர்ன் வால்வோடு ஆக்சுவேட்டருக்கு முன்னால் வைத்தோம், கோளாறு அதோடு போனது. வாங்கும்போதே "உங்கள் லைனில் குறைந்தபட்சம் எத்தனை பார் இருக்கும்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் டீலருக்கு என்ன குறைந்துபோகும்?

உமித்தூசி இன்னொரு தொல்லை. ஸ்பிரிங் மூடும்போது ஸ்பிரிங் அறை வெளிக்காற்றை உறிஞ்சும், மில்லில் வெளிக்காற்று என்றால் பாதி தூசிதான். வெளியேறுகிற காற்றையே ஸ்பிரிங் அறைக்குத் திருப்பிவிடும் நமூர் சோலனாய்டு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்த ஓட்டையில் பித்தளை சைலன்சராவது போடுங்கள். எங்களுக்கு வந்ததில் பிளாஸ்டிக் மூடிதான் இருந்தது, அதுவும் பெட்டியில் வந்ததை அப்படியே விட்டால் அறை மூச்சு விட வழியே இருக்காது.

சூடு விஷயத்தையும் கடையில் யாரும் சொல்லவில்லை. கேஜில் 3 பார் ஸ்டீம் என்றால் 140 டிகிரிக்கு மேல். உள்ளே சாதா நைட்ரைல் ஓ-ரிங் போட்ட ஆக்சுவேட்டருக்குப் பொதுவாக 80 டிகிரிதான் எல்லை. வால்வுக்கும் ஆக்சுவேட்டருக்கும் நடுவே பிராக்கெட் வைத்துத் தூக்கியே தீர வேண்டும். அதற்குத் தனி பில், தனி காத்திருப்பு.

மதிப்பெண் கேட்டால் சாமானுக்கு 5க்கு 4, விற்றவர்களுக்கு 2. அடுத்த தொட்டிக்கும் இதே ஆக்சுவேட்டர்தான் சொல்லியிருக்கிறோம், பிராக்கெட்டும் சீல் கிட்டும் அதே பெட்டியில் வந்தால்தான் பணம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று.